கால அளவு

விவாகரத்தாகி ஒன்பது ஆண்டு கழித்து
நானும் ஜெரார்டும் மறுபடி
ஒரு மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தோம்.
எதிரே வக்கீல் கொலெட்,
பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே.
வெளியே எங்கள் மலக்குழி லாரி
இஞ்சின் அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது.
ஜனவரிக் குளிரில் அணைத்தால் திரும்ப எழாது.

மேய்ன் மாநிலத்தின் வடக்கு ஓரம்.
ஆற்றுக்கு அக்கரை கனடா.
உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே எண்ணூறு வீடு,
எண்ணூறு தொட்டி.
அவன் குழாய் பிடிப்பான், நான் கணக்கு.
பிரிந்தபோது வீடு எனக்கு, லாரி அவனுக்கு,
நாற்றம் இருவருக்கும் பொது.

போன வசந்தத்தில், பனி இளகிய சேற்றில்,
லாரி ஒரு புல்வெளிக்குள் அமிழ்ந்து
யாரோ ஒருவரின் கிணற்றுக் குழாயை முறித்தது.
வந்த நோட்டீசில் எங்கள் இருவர் பெயர்,
கீழே என் வீட்டு முகவரி.
அவன் தன் பனிவண்டியை விற்று அதைத் தீர்த்தான்.
பிறகொரு நாள், பூட்ஸைக் கழற்றாமல்,
என் சமையலறை நடுவே நின்று சொன்னான்:
"கம்பெனியாகப் பதிந்துவிடலாம், நொயெல்லா.
என் சக்கரம் புதைகிற இடத்துக்கெல்லாம்
உன் கூரை எதற்கு வந்து நிற்கவேண்டும்?"
மணவாழ்க்கையில் இவ்வளவு நீளமாக
அவன் பேசி நான் கேட்டதில்லை.

இது ஓர் ஆள், என்றாள் கொலெட்.
சட்டத்துக்கு அப்படித்தான்.
கடன் வாங்கும், வழக்காடும், வரி கட்டும்.
சாப்பிடாது. அதன் காசில் நீங்களும் சாப்பிடக்கூடாது,
சம்பளமென்று எழுதாமல்.
அதன் பையும் உங்கள் பையும் கலந்தால்
நடுவில் எழுப்பிய சுவரை
நீதிபதியே இடித்துவிடுவார்.

முதலில் பெயர்.
'வடக்குத் தொட்டி' என்று ஏற்கெனவே ஒன்று இருந்தது.
'டேகிள் அண்ட் சன்ஸ்' என்றான் ஜெரார்ட்.
மகன் ஏது நமக்கு, என்றேன்.
இரண்டு பெண்கள்; ஒருத்தி பாஸ்டனில் பல் மருத்துவர்,
நாளெல்லாம் கை கழுவுகிற வேலை.
கடைசியில் 'பச்சை லாரி' என்று வைத்தோம்.

நோக்கம்: சட்டத்துக்கு உட்பட்ட எந்தத் தொழிலும்.
"அப்படியென்றால் ரொட்டி விற்கலாமா?"
விற்கலாம், என்றாள் கொலெட், தலை நிமிராமல்.
வாங்கத்தான் ஆளிருக்காது.

பங்கு நூறு. ஆளுக்கு ஐம்பது என்றோம்.
இழுபறி வந்தால்?
அவன் பேனாவை வாங்கித்
தன் ஐம்பதை நாற்பத்தொன்பது ஆக்கினான்.
"எப்படியும் ஜெயிப்பது அவள்தான்.
காகிதத்திலும் இருக்கட்டுமே."

பங்குதாரர்கள் பிரிய நேர்ந்தால், என்று தொடங்கியவள்
வாசிப்பதை நிறுத்தி எங்களைப் பார்த்தாள்.
அது ஆகிவிட்டது, என்றோம்
இருவரும் ஒரே மூச்சில்.

தலைவர் அவன். பொருளாளர் நான். செயலாளரும் நானே.
இரண்டு பேருக்கு மூன்று நாற்காலி.

கால அளவு என்ற கட்டத்தில்
முன்பே அச்சாகியிருந்தது ஒரு சொல்: நிரந்தரம்.
பாதிரியார் முன்னால் ஒருமுறை
இதை நாங்கள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோம்.
இம்முறை யாரும் சொல்லச் சொல்லவில்லை.
கையெழுத்து போதும்.

அகஸ்டாவிலிருந்து முத்திரையோடு காகிதம் திரும்ப
பதினோரு நாள் ஆனது.
விவாகரத்துக்குப் பதினோரு மாதம்.

முதல் வாரமே கம்பெனி அட்டையில்
காப்பியும் டோனட்டும் வாங்கி வந்தான்.
ரசீதைத் திருப்பிக் கொடுத்தேன்.
"இது நம் பணமில்லை."
"பின்னே யாருடையது?"
ஜன்னல் வழியே லாரியைக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.
பிறகு சட்டைப்பையிலிருந்து
சில்லறை எண்ணி வைத்தான்.

ஆண்டுக்கொரு கூட்டம் நடத்தியே ஆகவேண்டுமாம்.
என் சமையலறை. இரண்டு கோப்பை.
குறிப்பேட்டில் எழுதினேன்:
வந்தோர் இருவர். வராதோர் இல்லை.
தீர்மானம் ஒன்று: புதிய குழாய். ஏகமனதாக நிறைவேறியது.
தீர்மானம் இரண்டு: தலைவர் உள்ளே வரும்போது
பூட்ஸைக் கழற்றவேண்டும்.
ஆதரவு ஐம்பத்தொன்று. எதிர்ப்பு நாற்பத்தொன்பது.